பழைய தோட்டத்துக்குக் குடிபோகிறவர்களுக்கு

முதல் ஒரு வருஷத்துக்கு ஜேசிபியைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள். பழைய தோட்டத்தைக் கிரயம் வாங்கியவர்கள், பாட்டன் விட்டுப்போன தோட்டத்துக்குத் திரும்புகிறவர்கள், யார் யோசனை கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பத்திரம் பதிந்த சூட்டோடு வேலியைப் பிடுங்கி, தோட்டத்து வீட்டை இடித்து, கல்மேட்டைச் சமன் செய்துவிட்டால், அங்கே என்ன இருந்தது, எதற்கு இருந்தது என்று கேட்கக்கூட ஓர் அடையாளம் மிஞ்சாது. பழைய தோட்டத்தில் கிடக்கிற பாதிப் பொருள்கள் யாரோ யாருடனோ செய்துகொண்ட ஏற்பாடுகள். தண்ணீர் முறை, வண்டித் தடம், சாமி, கூலி. அவற்றில் சில இன்றைக்கும் சட்டப்படி செல்லும். சிலவற்றை அன்றைக்கே ஒழித்திருக்க வேண்டும். எது எந்த வகை என்று தெரிந்துகொண்ட பிறகு எடுப்பதை எடுங்கள், வைப்பதை வையுங்கள்.

நாங்கள் இருப்பது காங்கேயத்துக்குக் கிழக்கே. ஏழு ஏக்கர். பாதி கிணற்றுப் பாசனத் தோட்டம், பாதி மானாவாரி மேய்ச்சல் நிலமான கொறங்காடு, நடுவில் நாட்டு ஓடு வேய்ந்த ஒரு சாலை. தோட்டத்து வீட்டை இங்கே சாலை என்பார்கள். நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் வெகுகாலம் இருந்துவிட்டு இங்கே வந்தோம். எங்களுக்கு முன்னால் இங்கே இருந்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள் இல்லை. அதனால் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். டெல்டா வயலுக்கும் மலைத் தோட்டத்துக்கும் இதில் சில விஷயங்கள் மாறும். கேட்கும் முறை மாறாது.

பத்திரத்தில் எழுதியிருப்பது

உங்கள் கிரயப் பத்திரத்தோடு நிற்காமல் மூலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம் வரைக்கும் பின்னால் போங்கள். பல சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975-க்குப் பிந்தைய வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனு போட வேண்டும். போடுங்கள், செலவு பெரிதில்லை. பழைய பத்திரங்களில் நான்கு எல்லை எழுதி முடித்த பிறகு, சொத்து விவரத்தின் கடைசியில் நாலு வரி வரும். 'மேற்படி கிணற்றில் பொதுவில் பாதி பாகமும், போக வர வண்டி வாகனங்கள் ஓட்டிக்கொள்ள மாமூல் வழித்தட பாத்தியமும்' என்கிற மாதிரி. எல்லோரும் ஏக்கரைப் பார்த்துவிட்டு இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பின்னால் தகராறு வந்தால் இந்த வரிகளை வைத்துத்தான் வரும். எங்கள் வடக்கு வேலி ஓரமாகப் போகும் தடம் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் உரிமை என்பது 1950-களின் பாகப்பிரிவினை ஒன்றில்தான் இருந்தது. கடைசிக் கிரயத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பட்டா, சிட்டாவோடு அ-பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் மூலக் கணக்கு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்கிற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுக் கணக்கெடுப்பில் பெயரும் உட்பிரிவும் மாறிப்போன நிலங்கள் நிறைய. பழைய பத்திரத்தில் இருக்கும் ஏக்கர், சென்ட்டையும் பட்டாவில் இருக்கும் ஹெக்டேர், ஏரையும் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) உட்கார்ந்து ஒத்துப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் 2 ஏக்கர் 47 சென்ட். பழைய புலப்படத்தில் அளவு லிங்க்கில் இருக்கும். 100 லிங்க் ஒரு சங்கிலி, ஒரு சங்கிலி 66 அடி. எல்லைக் கற்கள் பெரும்பாலும் வேலிப் புதருக்குள் புதைந்து கிடக்கும். கத்தியால் செதுக்கிக் கண்டுபிடியுங்கள், பிடுங்காதீர்கள். சர்வே கல்லை அப்புறப்படுத்துவது 1923-ம் வருஷத்து நில அளவை, எல்லைகள் சட்டப்படி குற்றம்.

இன்னொன்றையும் பாருங்கள். நிலம் பூமிதான இயக்கத்தில் தானமாக வந்ததா, கோயிலுக்கு மானியமாக விட்ட இனாமா, பஞ்சமியா என்று பழைய செட்டில்மென்ட் பதிவேடு வரை தேடச் சொல்லுங்கள். பஞ்சமி நிலம் 1892-ல் இருந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது. பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே பிரிவு மக்களுக்குத்தான் விற்கலாம். அந்த நிலம் எத்தனை கை மாறி, எத்தனை சுத்தமான பத்திரத்தோடு வந்தாலும் வாங்காதீர்கள். விலை மலிவாக இருக்கிறது என்றால் இரண்டு தடவை கேளுங்கள்.

கிணறு

எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஆழம். அறுபது, எழுபது அடி சாதாரணம், நூறு அடியும் உண்டு. எங்கள் கிணற்றின் மேற்கு ஓரத்தில், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை பூட்டிய இரண்டு கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன. அதற்குப் பின்னால் மாடு இறங்கி ஏறிய சரிவில் புல் மண்டியிருக்கிறது. தூண்களின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். வடக்கயிறு உரசி உரசிக் கல்லில் ஒரு விரல் புதையும் அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது. இந்தக் கல்லை வெட்டித் தூணாகவும் பெஞ்சாகவும் விற்க ஆள்கள் வருவார்கள். கொடுக்காதீர்கள். பொதுக் கிணறாக இருந்தால், யார் எந்தப் பக்கம் இறைத்தார்கள் என்பதற்கு அந்தத் தூண்கள்தான் சாட்சி. பங்குத் தகராறு பேசும்போது பெரியவர்கள் அதைக் காட்டித்தான் பேசுவார்கள்.

வெகுநாள் புழங்காத கிணற்றுக்குள் யாரையும் இறக்காதீர்கள். தூர் வாரவும், பழைய மோட்டாரைத் தூக்கவும் இறங்கித்தான் ஆள்கள் சாகிறார்கள். அடியில் பிராணவாயு குறைந்திருக்கும், கரியமில வாயு தங்கியிருக்கும், சகதியைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு வரலாம். மெழுகுவத்தியைக் கட்டி இறக்கி, அணையாவிட்டால் இறங்கலாம் என்று சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். விஷவாயு இருந்தாலும் மெழுகுவத்தி எரியும். டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஓட்டுவது அதைவிட மோசம், புகை முழுக்க உள்ளேயே நிற்கும். ஒருவர் மயங்கி விழுந்தால் பின்னாலேயே காப்பாற்ற இறங்குகிறவரும் போய்விடுகிறார். மேலே நின்றுகொண்டே 112-க்கோ தீயணைப்புத் துறைக்கு 101-க்கோ போன் செய்யுங்கள். வாயு அளக்கும் கருவியும் காற்று ஊதும் ஏற்பாடும் இடுப்புக் கயிறும் இல்லாமல் இறங்க ஒப்புக்கொள்ளும் ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கைவிட்ட ஆழ்துளைக் கிணறு இருக்கிறதா என்று நடந்து தேடுங்கள். பழைய தோட்டங்களில் தண்ணீர் வராத போர் ஒன்றாவது இருக்கும். மேலே ஒரு சாக்கும் கல்லும்தான் மூடி. 2019-ல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்ததை நாமெல்லாம் நாள்கணக்கில் டிவியில் பார்த்தோம். 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது: கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும். மூடி போட்டு வெல்டிங் வைத்தால் துருப்பிடித்துப் போகும். நிரப்புங்கள். இதை மட்டும் வருஷக் கணக்கில் தள்ளிப் போடாமல், குடிபோகும் முன்பே செய்யுங்கள்.

மோட்டார் ரூமில் மின் இணைப்பு யார் பேரில் இருக்கிறது என்று அட்டையைப் பாருங்கள். இறந்துபோனவர் பேரில் இருந்தால் வாரிசுகளின் சம்மதக் கடிதம் வேண்டியிருக்கும். அவர்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். எங்கள் மோட்டார் ரூம் சுவரில் கரிக்கட்டையால் மீட்டர் ரீடிங் வரிசையாக எழுதியிருக்கிறது, பக்கத்தில் ரூபாய் கணக்கு. 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாகும் வரை கட்டிய கணக்கு அது. மின்கட்டணத்துக்காக நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் போராடியதும், 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் செத்ததும் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தச் சுவருக்கு மட்டும் நாங்கள் வெள்ளை அடிக்கவில்லை. ரூமைப் புதுப்பிக்கும்போது உள்சுவரை ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மருந்து அறை

பருத்தியும் புகையிலையும் போட்ட தோட்டம் என்றால் எங்காவது ஒரு மூலையில் பூச்சிமருந்து இருக்கும். சாலையின் அட்டாலியில் (பரணில்), மாட்டுக் கட்டுத்தரையின் பின்பக்கம், மோட்டார் ரூமின் மேல் பலகையில். எண்ட்ரினை 1990-லும், பி.எச்.சி. பவுடரை 1997-லும், எண்டோசல்பானை 2011-லும் தடை செய்தார்கள். விவசாயத்தில் டி.டி.டி. 1989-லேயே போய்விட்டது. தடை வந்தபோது வாங்கி வைத்திருந்தவர் யாரும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சாக்கில் கட்டி வைத்தார்கள், அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

பெருக்குமாறு எடுத்துக் கூட்டாதீர்கள். தூசி மூக்கில் ஏறும். கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள், குழி தோண்டிப் புதைக்காதீர்கள், தீ வைக்கவே வைக்காதீர்கள். ரப்பர் கையுறையும் நல்ல முகக்கவசமும் போட்டுக்கொண்டு, பாட்டிலைத் திறக்காமல், கசிந்திருந்தால் மணல் தூவி அள்ளி, எல்லாவற்றையும் மூடியுள்ள பிளாஸ்டிக் பேரலில் நிமிர்த்தி அடுக்குங்கள். மேலே விஷம் என்று பெரிதாக எழுதிப் பூட்டுங்கள். தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை டப்பா கிடைத்தால் தொடக்கூட வேண்டாம். ஈரம் பட்டால் அதிலிருந்து கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும். கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வாருங்கள். அப்புறம் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்தில் தகவல் கொடுங்கள். அபாயக் கழிவுகளைக் கையாளும் இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. போய்ச் சேர நாளாகும், சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருங்கள். அதுவரை பேரல் உங்கள் பொறுப்பு.

மருந்து டப்பாவை அரிசி அளக்கும் படியாக வைத்திருந்த வீடுகளும் உண்டு. அடையாளம் தெரியாத தகர டப்பா எதையும் அடுக்களைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

சாலையும் வேலியும்

பழைய சாலைச் சுவர் சுண்ணாம்புக் காரையா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்பாக இருந்தால் அதன் மேல் சிமென்ட் பூசாதீர்கள். உள்ளே ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள் உப்பரித்து உதிரும். சுண்ணாம்பையே குழைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், தேடுங்கள். கட்டுத்தரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்டிருந்தால் உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாக இறக்குங்கள். ஓட்டுக் குவியலையும் கல்குவியலையும் கலைக்கும்போது கையை விடாமல் கடப்பாரையால் எதிர்ப்பக்கமாகப் புரட்டுங்கள். எங்கள் பக்கம் கண்ணாடி விரியன், நல்ல பாம்பு, கட்டுவிரியன் மூன்றும் உண்டு. கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம், நேராக அரசு மருத்துவமனைதான்.

கிளுவை வேலிக்கு வருகிறேன், இது எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம். புதிதாக வருகிறவர்கள் முதலில் பிடுங்குவது அதைத்தான். பிடுங்கிவிட்டுக் கல்தூண் நட்டுக் கம்பி கட்டுகிறார்கள். கிளுவை முள் வேலி ஆட்டையும் மாட்டையும் உள்ளேயே நிறுத்தும், கீரிக்கும் முயலுக்கும் குருவிக்கும் இடம் கொடுக்கும். இடைவெளி விழுந்த இடத்தில் மழைக்கு முன் கிளைப் போத்து வெட்டி நட்டால் தானாக வேர்பிடிக்கும். அந்த வேலியும், உள்ளே கொழுக்கட்டைப் புல்லும், நிழலுக்கு நிற்கும் வெள்வேலும் சேர்ந்துதான் கொறங்காடு. காங்கேயம் மாடு இந்தக் காட்டை நம்பித்தான் வளர்ந்தது. பயிர் ஏதும் இல்லாமல் கிடக்கிறது, தரிசு என்று நினைத்து உழுதுவிடாதீர்கள். அந்தப் புல்லைத் திரும்பக் கொண்டுவர வருஷக் கணக்காகும். இரண்டு வேலிக்கு நடுவே போகும் இட்டேரி உங்கள் நிலத்தில் இருப்பது போலத் தெரிந்தாலும் அது ஊர்த் தடமாக இருக்கலாம். புலப்படத்தைப் பார்க்காமல் ஒரு முள்ளைக்கூட வெட்டாதீர்கள்.

கல்லும் சாமியும்

துணி துவைக்கும் கல்லைப் புரட்டிப் பாருங்கள். கொங்கில் புலியைக் குத்தி வீழ்த்திய வீரனுக்கு எடுத்த நடுகற்கள் நிறைய. பின்னால் வந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியாமல் துவைகல்லாகவும் வாய்க்கால் பாலமாகவும் போய்விட்டன. காட்டுக்குள் வட்டமாகக் கற்கள் புதைந்திருந்தால் அது பெருங்கற்காலத்துப் புதைகுழியாக இருக்கலாம். நொய்யல் கரையில் கொடுமணல் இங்கிருந்து தூரமில்லை. அங்கே அகழாய்வில் கல்மணிகளும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. பச்சைக்கல்லுக்குப் பேர்போன படியூரும் பக்கத்தில்தான். கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடு தட்டுப்பட்டால் போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து, வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் சொல்லுங்கள். காசோ நகையோ கிடைத்தால் மறைக்காதீர்கள். 10 ரூபாய் மதிப்புக்கு மேல் மண்ணில் கிடைக்கும் எந்தப் புதையலையும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் வருஷத்துச் சட்டம்.

கிணற்றோரத்தில் ஏழு சின்னக் கல் வரிசையாக இருந்தால் அது கன்னிமார். எங்கள் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் இருக்கிறது. மரத்தை மாற்றி நடலாமா என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் கேட்டேன். "அதைத் தொடாதீங்க அம்மிணி. ஆடிப் பதினெட்டுக்கு வருவாங்க, வந்தா ஒரு சொம்பு தண்ணி குடுங்க, போதும்" என்றார். முன்னே இங்கே இருந்த குடும்பம் அந்த நாளில் வருகிறது. பொங்கல் வைத்துவிட்டுப் போகிறார்கள். பூட்டைப் போட்டுவிட்டு வெளியூர் போகாதீர்கள். அவர்கள் வரும் நாளில்தான் எந்த மூலையில் எந்தக் குழாய் புதைந்திருக்கிறது, எந்த மரம் யார் வைத்தது என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் புலப்படத்தை ஒட்டி வைத்திருக்கிறேன்.

வேலை செய்தவர்கள்

விற்ற குடும்பத்தைவிடத் தோட்டத்தை நன்றாக அறிந்தவர்கள் அங்கே பண்ணையத்தில் இருந்தவர்கள். எங்கள் தோட்டத்தில் கவலை ஓட்டியதும், தண்ணீர் இறைத்த தோலைத் தைத்ததும், வரப்பு வெட்டியதும் அருந்ததியர் குடும்பங்கள். அவர்களில் மூத்த ஒரு பாட்டி ஊருக்குக் கிழக்கே காலனியில் இருக்கிறார். அவரை அழைத்து வந்து தோட்டத்தைச் சுற்றி நடந்தோம். பின்பக்கத்து எறவாரத்தில் ஓட்டுக்கும் வரிச்சுக்கும் நடுவே அலுமினிய டம்ளர் இரண்டு செருகியிருந்தன. நசுங்கி, கறுத்து, விளிம்பு வளைந்து. நான் கையில் எடுத்ததும், "அது எங்களுக்குங்க" என்றார். வேலை முடிந்ததும் எக்கிக் கழற்றி எடுத்து, மேலிருந்து ஊற்றுவதை வாங்கிக் குடித்து, கழுவித் திரும்ப அங்கேயே செருக வேண்டும். திண்ணையில் உட்காரக் கூடாது.

பழைய தோட்டத்துச் சாமான்களைக் கழுவி எண்ணெய் பூசி விருந்தினர் கண்ணுக்குப் படும்படி மாட்டி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நுகத்தடியை மாட்டுங்கள், படியை வையுங்கள். இந்த டம்ளரை மாட்டாதீர்கள். அதை என்ன செய்யலாம் என்று பாட்டியிடமே கேட்டேன். "எடைக்குப் போட்ருங்க" என்றார். போட்டுவிட்டோம். உங்கள் தோட்டத்தில் இப்படி ஏதாவது கிடைத்தால் முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும். எடுத்து வைக்கச் சொன்னால் எடுத்து வையுங்கள்.

வயதானவர்களை வா, போ என்று பேசும் வழக்கமும் தோட்டத்தோடு சேர்ந்து உங்கள் கைக்கு வரும். பக்கத்துத் தோட்டத்துச் சின்னப் பையன்கள்கூட அப்படித்தான் பேசுவார்கள். முதல் நாளே வாங்க, போங்க என்று ஆரம்பித்துவிடுங்கள். முன்திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள், உங்கள் டம்ளரில் காப்பி கொடுங்கள். கூலியைக் கையில் கொடுங்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு மாசம் பேச்சு இருக்கும், இருக்கட்டும்.

பண்ணையத்து ஆள்களுக்கு முன்பு தோட்டத்து மூலையில் குடிசை போட்டுக்கொள்ள வாய்ச்சொல்லாக இடம் விட்டிருப்பார்கள். உங்கள் நிலத்தில் அப்படிக் குடியிருப்பு இருந்தால், அல்லது இருந்து காலி செய்யப்பட்டது என்று கேள்விப்பட்டால், அந்தக் குடும்பத்துக்கு இன்று சொந்த மனை இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்தப் பாட்டியின் மகள் இருக்கும் வீட்டுக்குப் பட்டா கிடையாது. இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு அவர் பேரில் மனு எழுதி, ஆதார், ரேஷன் அட்டை, சாதிச் சான்று நகல்களோடு கொடுத்திருக்கிறோம். முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு நீங்களும் கூடவே போங்கள். மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.